ஆடியில் கன்று கொடுக்கும் ஊர்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஊர்ச் சங்கத்தாருக்கு,

வணக்கம். வேலணை, புங்குடுதீவு, நயினாதீவு, அனலைதீவு, எழுவைதீவு, நெடுந்தீவு, ஊர்காவற்றுறை, காரைநகர், மண்டைதீவு என்று யாழ்ப்பாணத்தை ஒட்டிய எங்கள் தீவகத்து ஊர்களின் பெயரோடு ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் சூரிச்சிலும் இயங்குகிற எல்லாச் சங்கங்களுக்கும் பொதுவாக இதை எழுதுகிறேன். எந்த ஒரு சங்கத்தையும் மனதில் வைத்து எழுதவில்லை. தங்களைத்தான் சொல்கிறேன் என்று யாரும் கோபிக்க வேண்டாம். கோபிப்பதானால் கடைசிவரை வாசித்துவிட்டுக் கோபியுங்கள்.

கேட்பது ஒன்றுதான். வருகிற ஆண்டு பழமரக் கன்று வாங்கிக் கொடுக்காதீர்கள். அந்தக் காசில் ஒவ்வொரு தீவிலும் பத்துப் பன்னிரண்டு பேருக்கு வீட்டுத்தோட்டம் படிப்பியுங்கள். படித்தவர்கள் சம்பளம் வாங்காமல் தங்கள் அயல் வீடுகளுக்குப் போய்ச் சொல்லிக் கொடுக்கட்டும்.

ஏன் என்று சொல்கிறேன். உங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூட விடுமுறை ஜூலை, ஆகஸ்ட்டில். நீங்கள் ஊருக்கு வருவதும் கோயில் திருவிழாக்களும் ஏறத்தாழ அதே காலம். ஆகவே சனசமூக நிலையத்தில் பதாகை கட்டி, விளக்கேற்றி, வரிசையில் நின்று கன்று வாங்குகிற விழாவும் ஆடி மாதத்தில்தான் நடக்கிறது. அப்போது இங்கே சோழகம் என்கிற தென்மேற்குக் காற்று அடித்துக்கொண்டிருக்கும். கடலைத் தொட்டு வருகிற அந்தக் காற்றில் உப்பு இருக்கும். கிணறு அடிமட்டத்துக்குப் போயிருக்கும். ‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பது எங்கள் மண்ணில் எழுந்த பழமொழி இல்லை. எங்களுக்கு மழை ஐப்பசியில். ஒக்ரோபரில் தொடங்கி டிசம்பரோடு முடிகிற அந்த மாரிதான் வருடம் முழுவதற்குமான தண்ணீரில் பெரும்பங்கைத் தருகிறது. மழைக்கு முன் குழி வெட்டி, முதல் மழையோடு நட்ட கன்று சோழகத்துக்குள் வேர் ஊன்றிவிடும். ஆடியில் நட்ட கன்றுக்கு அந்த வாய்ப்பே இல்லை. ஒட்டு மாங்கன்றின் பொலித்தீன் பையைக்கூடக் கழற்றாமல், கிணத்தடி நிழலில் வைத்து மழை வரும்வரை காப்பாற்றலாம் என்று நினைக்கிற புத்திசாலிகள் சிலர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் கன்று தப்புகிறது. படத்துக்கு நின்ற கையோடு கொண்டுபோய் நட்டவர்கள் வீட்டில் புரட்டாசிக்குள் விறகாகிவிடுகிறது.

எந்தக் கன்று என்பதும் ஒரு கதை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் வலிகாமத்துச் செம்மண்ணில் வளர்க்கிற நாற்றுமேடையில் என்ன மலிவோ அது வருகிறது. மா, தோடை, தேசி, சில வேளை அவக்காடோ. பழமரங்களுக்குள் உப்பை ஆகக் குறைவாகத் தாங்கும் மரங்களில் ஒன்று அவக்காடோ. அதை நெடுந்தீவுக்குப் படகேற்றி அனுப்பிய பெருந்தன்மையை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. மாதுளை, முருங்கை, இலந்தை, அன்னமுன்னா என்று எங்கள் வளவுகளில் சும்மா நின்று காய்க்கிறவற்றை யாரும் விழாவில் கொடுப்பதில்லை. படத்தில் எடுப்பாக இராது போல.

நான் பாடசாலையில் விவசாயம் படிப்பித்து ஓய்வு பெற்றவள். அந்தப் பழக்கத்தில் இலையும் கையுமாக ஆக்கள் படலையில் வந்து நிற்பது உண்டு. அண்மையில் ஓர் அம்மா ஒரு தேசிக் கொப்பை முறித்துக் கொண்டுவந்தா. “ரீச்சர், இதுக்கு என்ன வருத்தம்? கடையிலை யூரியா போடச் சொன்னவை. ரெண்டு தரம் போட்டிட்டன், இன்னும் மஞ்சளாத்தான் வருது.” கொப்பின் அடியில் இருந்த முற்றிய இலைகள் நல்ல பச்சை. நுனியில் இருந்த குருத்திலைகள்தான் வெளிறிப்போய், நரம்பு மட்டும் பச்சைக் கோடாக வலைபோட்டுத் தெரிந்தன. யூரியா கொடுப்பது தழைச்சத்து. அது குறைந்தால் முதலில் மஞ்சளாவது அடியிலை. குருத்து மஞ்சளாகி நரம்பு பச்சையாக நின்றால் அது பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறை. எங்கள் நிலம் சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கிறது. மண்ணில் இரும்பு இருந்தாலும் சுண்ணாம்பு அதைக் கரையவிடாமல் வைத்திருக்கும், வேரால் எடுக்க முடியாது. அந்தத் தேசிக்கு வேண்டியது அடியில் நன்றாக மக்கிய எருவும், இலையில் மெல்லிதாகத் தெளிக்கிற இரும்புச் சல்பேற்றுக் கரைசலும். அந்த அம்மா யூரியாவுக்குக் கொடுத்த காசு மண்ணோடு போனது.

அடியிலையா குருத்திலையா என்று பார்க்கத் தெரிந்த ஒருவர் அந்த ஒழுங்கையில் இருந்திருந்தால் அவவுக்கு அந்தச் செலவு இல்லை. இலை ஓரம் மட்டும் தீய்ந்து பழுப்பானால் அது உப்பு என்று சொல்லவும், முருங்கையில் மயிர்க்கொட்டி அடைந்தால் மருந்துக்கடைக்கு ஓடாமல் என்ன செய்யலாம் என்று காட்டவும் அவர் போதும். அப்படி ஓர் ஆளை உருவாக்கப் பட்டப்படிப்புத் தேவையில்லை. ஒரு மாரிக்காலம் போதும்.

அரசாங்கத்தின் விவசாயப் போதனாசிரியர்கள் இருக்கிறார்களே என்பீர்கள். இருக்கிறார்கள், உழைக்கிறார்கள். ஆனால் அவர்களுடைய முதல் வேலை நெல்லும் வெங்காயமும் மானியமும். ஒரு வீட்டுக் கோடியில் நிற்கிற நாலு கத்தரிக்காக ஒருவர் படகேறி வர முடியாது, வரச் சொல்வதும் நியாயமில்லை. விவசாயத் திணைக்களம் நடத்தும் பயிர்ச் சிகிச்சை முகாம்களில் நோய் கண்ட இலையைக் கொண்டுபோய்க் காட்டலாம். 1920 என்ற இலக்கத்துக்கு அழைத்தும் கேட்கலாம். ஆனால் ‘இலை மஞ்சளா இருக்கு’ என்று மட்டும் தொலைபேசியில் சொன்னால் மறுமுனையில் இருப்பவர் பாவம் என்ன செய்வார்? எந்த இலை, எந்தப் பக்கம், தண்ணீர் எப்படி, எப்போது நட்டது என்று சொல்லத் தெரிந்த ஒருவர் நடுவில் வேண்டும்.

இது நான் கண்டுபிடித்த யோசனையும் இல்லை. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாற்றில், ரக்கோமா நகரங்களைச் சுற்றி வீட்டுத்தோட்டக்காரர்கள் கேட்கிற கேள்விகளுக்குப் பதில் சொல்லிச் சொல்லி அங்கிருந்த விவசாய விரிவாக்க அலுவலர்கள் களைத்துப்போனார்கள். 1972இல் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் ஒரு வழி பார்த்தது. விரும்பி வருகிறவர்களுக்கு இலவசமாக அல்லது சிறு கட்டணத்துக்குப் படிப்பிப்பது, பதிலுக்கு அவர்கள் குறிப்பிட்ட மணித்தியாலங்கள் ஊராருக்குச் சொல்லிக் கொடுப்பது. அவர்களுக்கு மாஸ்ரர் கார்டனர் என்று பெயர் வைத்தார்கள். இன்று அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் அது இருக்கிறது. அதே வாஷிங்டன் கரைக்கு அப்பால், கப்பலேறிப் போக வேண்டிய சான் உவான் தீவுகளிலும் அவர்கள் இருக்கிறார்கள். உணவில் பெரும்பகுதியைக் கப்பலில் எதிர்பார்த்துக்கொண்டிருக்கிற ஹவாயிலும் தீவுக்குத் தீவு இருக்கிறார்கள். ரொறன்ரோவில் இருக்கிற சங்கத்தார் வெகுதூரம் போக வேண்டியதில்லை. உங்கள் நகரத்திலேயே மாஸ்ரர் கார்டனர்கள் இருக்கிறார்கள், கேட்டால் தங்கள் முறையைச் சொல்வார்கள். உங்கள் பின்வளவில் தக்காளி வைத்தபோது அவர்களிடம் கேட்டவர்கள்கூட உங்களுக்குள் இருக்கக்கூடும்.

அந்த முறையில் எனக்குப் பிடித்த ஒரு விதி உண்டு. பயிற்சி பெற்ற தொண்டர் அந்தப் பெயரைச் சொல்லி எந்தப் பொருளையும் விற்கக் கூடாது. இங்கே ‘ஆலோசனை’ தருகிறவர் பலர் மருந்துக்கடை மேசைக்குப் பின்னால்தான் நிற்கிறார்கள். ஆகவே இந்த விதியை எழுத்தில் போட்டுவிட்டுத்தான் தொடங்க வேண்டும்.

பாடத்தில் பாதி தண்ணீராகத்தான் இருக்க வேண்டும். ‘தீவிலை தண்ணியே இல்லை, தோட்டம் என்ன தோட்டம்’ என்று சொல்கிறவர்களுக்கும் இதுதான் பதில். எங்கள் கிணறுகளில் இருக்கிற நல்ல தண்ணீர், நிலத்துக்கடியில் கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிற மழைத் தண்ணீர். உப்புநீர் பாரம் கூடியது, நன்னீர் பாரம் குறைந்தது. இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசத்தால் ஒரு கணக்கு வருகிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓர் அடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் நிற்கலாம். அதைத் திருப்பிப் பாருங்கள். மோட்டரைப் போட்டு இறைத்து மேல்மட்டத்தை ஓர் அடி இறக்கினால், அடியிலிருந்து உப்பு 40 அடி மேலே வரப் பார்க்கும். துலா மிதித்து இறைத்த காலத்தில் அந்தத் தொல்லை இருக்கவில்லை. மனிதன் களைக்கிற வேகத்தில்தான் தண்ணீர் வந்தது, ஊற்று ஆறுதலாக ஊறியது. நான் துலாவுக்குத் திரும்பச் சொல்லவில்லை. முதுகு நோவு யாருக்கும் வேண்டாம். ஆனால் காலையில் கால் மணி, பின்னேரம் கால் மணி என்று பிரித்து இறைத்தால் சவராகாத கிணறு, ஒரே மூச்சில் இறைத்தால் சவராகும் என்பதை ஒவ்வொரு வீட்டிலும் நின்று சொல்ல ஆள் வேண்டும்.

அதற்குக் கையில் ஒரு சின்ன மீற்றர் வேண்டும். பேனை அளவுக் கருவி, தண்ணீருக்குள் வைத்தால் உப்பின் அளவை எண்ணில் காட்டும். உப்புக் கூடினால் தண்ணீர் மின்சாரத்தை அதிகம் கடத்தும், அதைத்தான் அது அளக்கிறது. அந்த எண்ணை வைத்து எந்தப் பயிர் சரிவரும் என்று சொல்லிவிடலாம். உலக உணவு விவசாய நிறுவனத்தின் அட்டவணைப்படி பாசனத் தண்ணீரின் மின்கடத்து திறன் ஒரு மீற்றர் தூரத்துக்கு 0.7 டெசிசீமன்ஸைத் தாண்டினாலே போஞ்சியின் விளைச்சல் குறையத் தொடங்கும். வெங்காயத்துக்கு 0.8, மிளகாய்க்கு 1, தக்காளிக்கு 1.7. பீற்றூட் 2.7 வரை தாங்கும், கௌபி 3.3 வரை. ஒரே ஒழுங்கையில் ஒரு வீட்டுக் கிணறு நல்ல தண்ணீர், அடுத்த வீட்டுக் கிணறு சவர் என்பது எங்கள் ஊர்களில் புதினமில்லை. நாக்கால் பார்த்து ‘கொஞ்சம் சவர்’ என்று சொல்கிறோமே, அந்தக் ‘கொஞ்சம்’ போஞ்சிக்கு அதிகம், பீற்றூட்டுக்கு ஒன்றுமில்லை. தீவொன்றுக்கு ஐந்து மீற்றர் இருந்தால் எல்லா வீட்டுக் கிணறுகளையும் மாரிக்கு முன்னும் பின்னும் அளந்து ஒரு கொப்பியில் எழுதிவிடலாம். அந்தக் கொப்பி எந்தக் கன்றையும்விடப் பெறுமதி.

மிச்சப் பாடத்தில் பாதி எங்கள் பாட்டன்மாருக்குத் தெரிந்தது. புகையிலைத் தோட்டத்தில் பழைய வேலியோலையையும் கூரையோலையையும் தாழ்த்தினார்கள். பூவரசங் குழையைப் பாத்திக்குள் புதைத்தார்கள். கரையில் ஒதுங்குகிற சாதாளை என்ற கடற்தாவரத்தை அள்ளிவந்து குவித்து, மாரி மழையில் உப்புக் கழுவுப்பட விட்டுப் பசளையாக்கினார்கள். 1990, 1991 இடப்பெயர்வுகளோடு தீவுகள் வெறிச்சோடிய போது இந்தக் கைப்பழக்கமும் அறுந்தது. திரும்பி வந்தவர்கள் பலர் வன்னியிலும் யாழ்ப்பாணத்திலும் வேறு மண்ணில் வளர்ந்த பிள்ளைகள். ஆகவே யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியிலிருந்து வருகிற விரிவுரையாளர் ஒரு நாள் பேசினால், அடுத்த நாள் ஊரில் மிஞ்சியிருக்கிற எண்பது வயதுத் தோட்டக்காரர் ஒருவரைக் கதிரையில் இருத்திப் பேசவிட வேண்டும். அந்த அப்புமார் ‘எனக்கென்ன தெரியும் பிள்ளை’ என்றுதான் தொடங்குவார்கள். பிறகு நிறுத்த முடியாது.

சவர்த் தண்ணீரை இலையில் படத் தெளிக்காமல் அடியில் விடுவது, வாய் ஒடுங்கிய மண்முட்டியைக் கன்றுக்குப் பக்கத்தில் புதைத்து நிரப்பி மூடி வைத்துத் தண்ணீரைக் கசியவிடுவது, குழிக்குள் தேங்காய்ப் பொச்சுமட்டையை அடுக்கி ஈரம் பிடித்து வைப்பது, இவையெல்லாம் அரை நாள் பாடம். வேலிதான் பெரிய பாடம். கட்டாக்காலி மாடும் ஆடும் ஒரு மாத உழைப்பை ஒரு ராத்திரியில் முடித்துவிடும். வேலி இல்லாத வளவுக்குக் கன்று கொடுப்பதும் மாட்டுக்குத் தீவனம் கொடுப்பதும் ஒன்றுதான். கிளுவை, பூவரசு, முள்முருக்குக் கதியாலை, அதாவது துளிர்க்கிற வேலித் தடியை, மழைக்கு முன் நட்டால் இரண்டு வருடத்தில் மாட்டுக்கும் மறிப்பு, சோழகத்துக்கும் மறிப்பு, குழைக்கும் குழை. நெடுந்தீவில் பவளக்கல் அடுக்கின வேலி இன்னும் நிற்கிறது, அங்கே அதைத் திருத்தினால் போதும். பத்து வீட்டார் சேர்ந்து ஒரு நாள் கதியால் நடும்படி ஒழுங்கு செய்வதுதான் தொண்டரின் முதல் பரீட்சையாக இருக்கட்டும். செடியோடு பழகுவது சுகம். அயலாரை ஒன்றுசேர்ப்பதுதான் கஷ்டம்.

யாரைப் படிப்பிப்பது? இளைஞர்கள் இல்லை என்று சொல்வார்கள், ஓரளவு உண்மை. ஆனால் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கங்களில் இருக்கிற பெண்கள் இருக்கிறார்கள். ஓய்வு பெற்ற தபாற்காரர் இருக்கிறார். ஓட்டோ ஓடுகிற தம்பி ஒரு நாளைக்கு எத்தனை படலையைத் தாண்டுகிறார் என்று யோசித்துப் பாருங்கள். புங்குடுதீவில் 12 வட்டாரம். வட்டாரத்துக்கு ஒருவர் கிடைத்தால் போதும். ஒரு நிபந்தனை மட்டும்: ஏற்கெனவே ஒரு சங்கத்தில் தலைவர், இன்னொன்றில் செயலாளர், மூன்றாவதில் பொருளாளர் என்று இருக்கிறவரைச் சேர்க்காதீர்கள். அவருக்கு நேரம் இராது. சான்றிதழ் வாங்குகிற அன்றைக்கு மட்டும் வருவார்.

தொண்டு என்றால் சம்பளம் இல்லை, சரி. ஆனால் கைக்காசு போட்டுத் தொண்டு செய்யச் சொல்லக் கூடாது. படகுச் செலவு, மத்தியானச் சாப்பாடு, தொலைபேசிக்கு மாத றீலோட், ஒரு மீற்றர், ஒரு உருப்பெருக்கிக் கண்ணாடி, கத்தரிக்கோல், கொப்பி. பயிற்றுநர்களுக்குக் குறிகட்டுவான் இறங்குதுறையில் காலைப் படகு பிடிக்க வாகனம். நெடுந்தீவுக்கு ஒரு மணித்தியாலப் படகு, கடல் குழம்பினால் அன்றைக்கு வகுப்பு இல்லை. அந்த நாளுக்கும் பயிற்றுநருக்குக் காசு கொடுக்க வேண்டும். மாதம் இரண்டு சனிக்கிழமை, ஆவணியில் தொடங்கித் தைக்குள் முடிகிற வகுப்பு. மழைக்கு முன் குழியும் வேலியும், மழையில் நடுகை, மழை முடிய முதல் அறுவடையும் கிணற்று அளவும். இதற்கு ஆகிற செலவை ஒரு கோபுர வேலைக்கு ஆகிற செலவோடு ஒப்பிட்டுப் பார்க்கும்படி நான் சொல்லமாட்டேன், நீங்களே பார்ப்பீர்கள்.

அரசாங்கமே செய்யட்டும் என்ற பேச்சும் வரும். 2021இல் இரசாயனப் பசளை இறக்குமதியை ஒரே நாளில் நிறுத்திப்போட்டு இயற்கை விவசாயம் செய்யச் சொன்னார்கள். எருவை எப்படி மக்கவைப்பது என்று சொல்லித்தர ஊர் ஊராக ஆள் வைக்கவில்லை. 2022 ஜூனில் அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை லீவு கொடுத்து வீட்டில் பயிர் செய்யச் சொன்னார்கள். நாள் கிடைத்தது. பயிர் செய்யத் தெரியாதவர் அந்த நாளில் பெற்றோல் வரிசையில் நின்றார். விதைப் பொதியும் கன்றும் கொடுக்கிற திட்டங்கள் அதற்கு முன்னும் வந்தன, பின்னும் வந்தன. அரசாங்கம் விட்ட இடத்தையே நீங்களும் விடுகிறீர்கள் என்பதுதான் என் குறை.

திருநெல்வேலியில் விவசாயப் பயிற்சி நிலையம் இருக்கிறது. கிளிநொச்சி அறிவியல்நகரில் யாழ். பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் இருக்கிறது. படிப்பிக்க ஆளுக்குப் பஞ்சமில்லை. கேட்டு, திகதி குறித்து, படகுக்கும் சாப்பாட்டுக்கும் பொறுப்பு நிற்க ஒரு கைதான் இல்லை. அந்தக் கையாக இருங்கள்.

உங்கள் பொதுக்கூட்டங்கள் பெரும்பாலும் தைக்கும் சித்திரைக்கும் இடையில் நடக்கும். நிகழ்ச்சி நிரலில் இதை ஒரு விடயமாகப் போடுங்கள். பல சங்கங்கள் சேர்ந்து செய்வதானால் முதலாம் வருடம் இரண்டு தீவு போதும். பாலம் உள்ள ஒன்று, படகு மட்டும் உள்ள ஒன்று. வேலணையும் அனலைதீவும் என் தெரிவு. வேறு தெரிந்தாலும் சண்டையில்லை. இந்த ஆடிக்கென்று கன்றுக்காசு ஏற்கெனவே சேர்த்துவிட்டீர்களானால் திருப்பிக் கொடுக்க வேண்டாம். அதில் முதலில் மீற்றர்களை வாங்கி ஊருக்கு வருகிற ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். பொதியில் பாரமில்லை. ஆவணிக்குள் கிணறுகளை அளந்து எழுதத் தொடங்கிவிடுவோம்.

இப்படிக்கு,
வேலணையிலிருந்து,
ஓய்வு பெற்ற விவசாய ஆசிரியை ஒருத்தி